ஏன் என்று கேட்ட பேராசிரியர்: மருத்துவ ஆசிரியர்களுக்குக் கற்பிக்க முயன்ற வரலாறு

நீண்ட பதிவு. மருத்துவக் கல்வி வரலாற்றில் ஆய்வு செய்யும் நண்பர்களுக்கும், கல்லூரி ஆணையின்பேரில் செயற்கை நுண்ணறிவுப் பயிற்சிக்குச் செல்லவிருக்கும் ஆசிரியர்களுக்கும் பயன்படக்கூடும் என்பதால் பொதுவில் இடுகிறேன்.

சில மாதங்களுக்கு முன் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியர்களுக்கான ஒருநாள் பயிலரங்கில் பார்வையாளனாக அமர்ந்திருந்தேன். கற்பித்தலில் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவது எப்படி என்பதே பொருள். பயிற்றுநர் திரையில் ஒரு வரி தட்டெழுதினார். இரத்தச்சோகை பற்றி இருபது பல்தேர்வு வினாக்கள் ஒரு நிமிடத்திற்குள் வந்து விழுந்தன. அரங்கில் வியப்பொலி எழுந்தது. மூன்றாவது வரிசையில் இருந்த, ஓய்வை நெருங்கும் பொதுமருத்துவப் பேராசிரியர் ஒருவர் கைதூக்கி, ஏழாவது வினாவைக் காட்டச் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யும் பெண், சோர்வு, சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறியிருக்கின்றன. சரியான விடை இரும்புச்சத்துக் குறைபாடு. தவறான விடைகளில் ஒன்று பி12 வைட்டமின் குறைபாடு.

"பி12 ஏன் தவறு?" என்று கேட்டார். பயிற்றுநர் அதையே இயந்திரத்திடம் கேட்டார். பி12 குறைந்தால் சிவப்பணுக்கள் பெருக்கும், சிறுக்காது என்று பிழையற்ற விளக்கம் வந்தது. பேராசிரியர் தலையசைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார்: "காரணம் சரி. ஆனால் என் மாணவன் எந்தத் தவறான எண்ணத்தால் இந்த விடையைத் தேர்வான்? அதற்காகத்தானே தவறான விடை என்று ஒன்றை வைக்கிறோம்?"

பயிற்றுநர் புன்னகைத்து, நேரம் குறைவு என்று அடுத்த பகுதிக்குச் சென்றார். அந்தக் கேள்வி என்னைவிட்டுப் போகவில்லை. ஆசிரியப் பயிற்சி என்னும் துறை மருத்துவத்தில் பிறந்ததே அந்தக் கேள்வியை முன்னிட்டுத்தான் என்பதும், கணினியைக் கொண்டு மருத்துவம் கற்பிக்க முனைந்த முதல் பெருமுயற்சிகளுள் ஒன்று 1979இலேயே அதே கேள்வியில் முட்டி நின்றது என்பதும் இப்பயிற்சிகளில் சொல்லப்படுவதில்லை.

மருத்துவருக்குக் கற்பிக்கவும் கற்றுத்தர வேண்டும் என்பது மிகப் பிந்திய எண்ணம். தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. மருத்துவக் கல்லூரிப் பேராசிரியருக்கு அப்படி எதுவும் இல்லை. நோயை அறிந்தவர் நோயைக் கற்பிக்கவும் அறிவார் என்று எல்லோரும் நம்பினர். 1950களின் நடுவில் அமெரிக்காவின் பஃபலோ பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் மில்லர் என்ற மருத்துவர் இந்த நம்பிக்கையைக் கேள்விக்குட்படுத்தினார். கல்வியியல் துறையைச் சேர்ந்த ஸ்டீபன் ஆபிரகாம்சன் போன்றோரை அழைத்து, மருத்துவப் பேராசிரியர்களோடு ஒரே மேசையில் உட்காரவைத்தார். அறுவைச் சிகிச்சை நிபுணருக்குப் பள்ளிக்கூட வாத்தியார் பாடம் சொல்வதா என்ற முணுமுணுப்பு எழாமல் இருந்திருக்குமா? ஆனாலும் அம்முயற்சி நிலைத்தது. மில்லர் 1959இல் சிகாகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்திற்குச் சென்று, மருத்துவக் கல்வி ஆய்வுக்கென்றே தனி அலுவலகம் அமைத்தார். 1980இல் அவர் எழுதிய நூலின் தலைப்பே மருத்துவ ஆசிரியர்களைக் கற்பித்தல் என்பதுதான். இன்றைய பயிற்சிகளில் எல்லோரும் வரைந்துகாட்டும் 'மில்லர் பிரமிடு' அதற்கும் பிறகு, 1990இல் வந்தது. அறிந்திருத்தல், எப்படி என்று அறிந்திருத்தல், செய்துகாட்டுதல், நடைமுறையில் செய்தல் என்ற அந்த நான்கு படிகளை வரையும் பலருக்கும் அவற்றின் பின்னால் முப்பத்தைந்து ஆண்டு உழைப்பு இருப்பது தெரியாது.

சிகாகோவிலிருந்து இவ்வெண்ணம் நம் பக்கம் வந்த வழி உலகச் சுகாதார நிறுவனத்தின் வழி. 1970களில் அந்நிறுவனம், புதிதாக விடுதலை பெற்ற நாடுகளுக்கு மருத்துவர்கள் ஆயிரக்கணக்கில் தேவை, அவர்களை உருவாக்கும் ஆசிரியர்களுக்கோ பயிற்சி இல்லை என்று கண்டு, ஒரு சங்கிலியைத் திட்டமிட்டது. உலக மையமொன்று, வட்டார மையங்கள், அவற்றின்கீழ் நாட்டு மையங்கள். தென்கிழக்கு ஆசியாவின் வட்டார மையங்களுள் ஒன்று இலங்கையின் பேராதனையில் அமைந்தது. இந்தியாவின் தேசிய ஆசிரியர் பயிற்சி மையம் 1970களின் நடுவில் புதுச்சேரி ஜிப்மரில் தொடங்கியது. பிறகுதான் சண்டிகர், வாரணாசி, தில்லி என்று பிற மையங்கள் வந்தன. இந்திய மருத்துவ ஆசிரியர் பயிற்சியின் முதல் வகுப்பறை தமிழ் வழங்கும் ஊரில் இருந்தது என்பதை நம் கல்வி வரலாற்றாளர்கள் இன்னும் போதிய அளவு கவனிக்கவில்லை என்பது என் எண்ணம்.

அக்காலப் பயிற்சிகளின் அடிப்படை நூல், ழான்-ழாக் கில்பேர் உலகச் சுகாதார நிறுவனத்திற்காக எழுதி 1977இல் வெளிவந்த கையேடு. விளிம்பிலே கேலிச்சித்திரங்களும், பயில்வோர் தாமே நிரப்பவேண்டிய வெற்றுக் கட்டங்களும் கொண்ட விசித்திரமான நூல் அது. அதன் வழியாக வந்த முதல் பயிற்சி எளிமையானது, ஆனால் பேராசிரியர்களை வியர்க்கவைப்பது. உங்கள் பாடத்தின் நோக்கத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள் என்பார்கள். 'மாணவர் இரத்தச்சோகையைப் பற்றி அறிந்துகொள்வார்' என்று எழுதினால் ஏற்கமாட்டார்கள். அறிந்துகொண்டார் என்பதை எப்படிப் பார்ப்பீர்கள்? 'இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்து, இரத்தச்சோகையின் வகையைக் காரணத்தோடு பிரித்துக்காட்டுவார்' என்று எழுதினால்தான் ஏற்பு. இருபது ஆண்டுகளாகத் தாம் நடத்திவரும் பாடத்தின் நோக்கத்தைத் தம்மால் ஒரு வரியில் சொல்ல முடியவில்லை என்பது பலருக்கு அங்கே முதன்முறையாகத் தெரியவரும்.

இரண்டாவது கருவி நுண்நிலைக் கற்பித்தல். 1960களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ட்வைட் ஆலனும் உடன் பணியாற்றியோரும் பள்ளி ஆசிரியர்களுக்காக உருவாக்கியது. சில நிமிடப் பாடத்தைச் சக ஆசிரியர்கள்முன் நடத்தவேண்டும், அவர்கள் விமரிசிப்பார்கள், திருத்தி மீண்டும் நடத்தவேண்டும். நோயாளியின் படுக்கையருகே அரசரைப்போல் நின்று பழகியவர், கரும்பலகை முன் மாணவரைப்போல் நிற்கவேண்டிய அந்த ஆறேழு நிமிடங்களே பயிற்சியின் உயிர் என்பேன். நான் நேர்காணல் செய்த மூத்த ஆசிரியர்கள் பலரும், தேர்வுமுறை பற்றியும் மதிப்பீடு பற்றியும் கேட்டதை மறந்துவிட்டனர்; தாம் முகம் சிவந்த அந்த நிமிடங்களை ஒருவரும் மறக்கவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1997ஆம் ஆண்டின் பட்டப்படிப்பு விதிமுறைகள் கல்லூரிதோறும் மருத்துவக் கல்விப் பிரிவு வேண்டும் என்றன. 2009இல் இந்திய மருத்துவக் கழகம் வட்டார மையங்களை அமைத்து, மூன்று நாள் அடிப்படைப் பயிலரங்கை ஒழுங்குபடுத்தியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி போன்றவை அதில் முன்னின்றன. இதற்கிடையே கோயம்புத்தூரில் பி.எஸ்.ஜி. நிறுவனத்தில் 2007 முதல் ஃபைமர் உயர்பயிற்சி நடந்துவந்தது. ஒவ்வோர் ஆசிரியரும் தம் கல்லூரியில் ஒரு கல்விச் சோதனையைச் செய்துமுடிக்க வேண்டும் என்று அது வற்புறுத்தியது. 2019இல் சேர்ந்த மாணவர்களோடு திறன் அடிப்படையிலான பாடத்திட்டம் வந்தது; நாடெங்கும் ஆசிரியர்களை அதற்கு ஆயத்தப்படுத்த வேண்டியதாயிற்று. பயிற்சி பரவலானது. கூடவே அது கோப்பில் வைக்கும் சான்றிதழாகவும் ஆனது. எண்ணிக்கை பெருகும்போது எந்தப் பயிற்சியிலும் முதலில் சுருங்குவது, வியர்க்கவைக்கும் பகுதிதான். படவில்லைகள் எஞ்சும். ஆலன் உருவாக்கிய ஆறு நிமிடங்கள், முப்பது பேரில் நான்கு பேருக்கு மட்டும் வாய்க்கும் 'செய்துகாட்டல்' ஆகிவிடும்.

இனி இக்கதையின் மற்றோர் இழைக்கு வருகிறேன். அதுவும் ஸ்டான்ஃபோர்டில்தான் தொடங்குகிறது.

1970களின் முற்பகுதியில் அங்கே எட்வர்டு ஷார்ட்லிஃப் என்ற மாணவர், புரூஸ் புக்கானன், ஸ்டான்லி கோஹன் ஆகியோரின் துணையோடு 'மைசின்' என்ற கணினி நிரலை எழுதினார். இரத்தத்தில் பாக்டீரியா கலந்த நோயாளிக்கும், பின்னர் மூளையுறை அழற்சி நோயாளிக்கும் எந்தக் கிருமி காரணமாக இருக்கலாம், எந்த மருந்து தரலாம் என்று அது பரிந்துரைத்தது. அதன் அறிவு முழுவதும் ஏறத்தாழ 500 விதிகளாக எழுதப்பட்டிருந்தது. இன்னின்னவை உண்மையானால் இன்னது முடிவு. அந்த முடிவின் நம்பகம் இவ்வளவு. வல்லுநர் மருத்துவரின் மூளையில் உள்ளதை வாக்கியமாக்கி அடுக்கிவிட்டால் போதும் என்ற காலத்து நம்பிக்கைக்கு அதுவே சிறந்த சின்னம். 1979இல் வெளியான மதிப்பீட்டில், மூளையுறை அழற்சி நோயாளிகள் 10 பேரின் விவரங்களுக்கு மைசின் தந்த பரிந்துரைகளும் ஸ்டான்ஃபோர்டு ஆசிரியர்கள் முதலியோர் தந்தவையும் பெயர் மறைத்து 8 வெளி வல்லுநர்களிடம் தரப்பட்டன. மைசினின் மதிப்பு எந்த ஆசிரியருடைய மதிப்பினும் குறையவில்லை.

மைசினிடம் இன்னொரு சிறப்பு இருந்தது. அது கேள்வி கேட்கும்போது 'ஏன்?' என்று திருப்பிக் கேட்கலாம். தான் பின்பற்றும் விதியை அது காட்டும். நோயறிவும் இருக்கிறது, ஏன் என்றால் பதிலும் சொல்கிறது. இதைவிடச் சிறந்த ஆசிரியர் உண்டா என்று தோன்றுவது இயல்பே. வில்லியம் கிளான்சி என்ற கணினியியல் ஆய்வு மாணவருக்கும் அப்படித்தான் தோன்றியது. மைசினின் விதிகளை அப்படியே எடுத்துக்கொண்டு, அவற்றின்மேல் கற்பித்தல் முறைக்கான ஏறத்தாழ 200 விதிகளைச் சேர்த்து, 'கைடன்' என்ற பயிற்றும் நிரலை அமைத்தார். அதுவே 1979இல் அவருடைய முனைவர் பட்ட ஆய்வேடு. ஒரு நோயாளியின் கதையை மாணவருக்குத் தரும். மாணவர் கேட்கும் வினாக்களை மைசின் கேட்டிருக்கக்கூடிய வினாக்களோடு ஒப்பிடும். வழி தவறினால் குறுக்கிட்டுக் கேட்கும்.

அந்த ஆய்வேட்டைவிட, அதற்குப்பின் 1983இல் கிளான்சி எழுதிய கட்டுரை முக்கியமானது. ஆய்வு மாணவர்கள் ஒவ்வொருவரும் படிக்கவேண்டியது என்று பரிந்துரைப்பேன். ஏனென்றால், தம் படைப்பு ஏன் நல்ல ஆசிரியராக அமையவில்லை என்பதைப் படைத்தவரே அதில் அறுத்துக் காட்டுகிறார்.

ஓர் எடுத்துக்காட்டு. எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு டெட்ராசைக்ளின் தரக்கூடாது என்று மைசினில் ஒரு விதி. ஏன் என்று கேட்டால் அந்த விதியையே திருப்பிக் காட்டும். அதற்குக் கீழே எதுவும் இல்லை. வளரும் எலும்பிலும் பல்லிலும் உள்ள கால்சியத்தோடு அம்மருந்து பிணைந்து படிகிறது. பல் நிலையாகக் கறைபடுகிறது. அதனால் தவிர்க்கிறோம் என்ற காரணச் சங்கிலி விதியை எழுதிய மருத்துவருக்குத் தெரியும். ஆனால் இயந்திரம் சரியான மருந்தைத் தேர அது தேவையில்லை, ஆகவே எழுதப்படவில்லை. கற்பிக்கவோ அதுதான் தேவை. காரணம் தெரிந்த மாணவர்தான் விதியை எப்போது மீறலாம் என்றும் அறிவார். உயிர் போகும் நிலையில் பல்லின் நிறம் பெரிதல்ல. இன்று ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலுக்கு அதே குடும்பத்து மருந்தான டாக்சிசைக்ளின் குழந்தைகளுக்கும் தரப்படுகிறது. தமிழ்நாட்டிலும் கேரள மலைகளிலும் பணிபுரியும் எந்த மருத்துவருக்கும் அந்தக் காய்ச்சல் தெரியும். எட்டு வயது என்ற விதியை மட்டும் மனப்பாடம் செய்தவர் அந்தக் குழந்தையின்முன் தயங்கி நிற்பார்.

இன்னொன்று இதைவிட நுட்பமானது. நோயாளி குடிப்பழக்கம் உள்ளவரானால் மூளையுறை அழற்சிக்கு இன்னின்ன கிருமிகள் காரணமாக இருக்கலாம் என்று ஒரு விதி. அதன் முன்நிபந்தனைகளில் ஒன்று, நோயாளியின் வயது 17க்கு மேல் இருக்கவேண்டும் என்பது. மாணவர் என்ன நினைப்பார்? பதினேழு வயதுக்கும் அந்தக் கிருமிக்கும் ஏதோ உயிரியல் தொடர்பு இருக்கிறது என்று. உண்மையில் அந்த வரி இருப்பதற்குக் காரணம் வேறு: குழந்தை நோயாளியைப் பற்றிக் 'குடிப்பழக்கம் உண்டா' என்று இயந்திரம் கேட்டு நகைப்புக்கிடமாகிவிடக்கூடாது. நாகரிகமும் நோயியலும் ஒரே வடிவில், ஒரே வரிசையில், வேறுபாடு தெரியாமல் அடுக்கப்பட்டிருந்தன. எதை முதலில் கேட்பது, எதைப் பிறகு கேட்பது என்ற நோயறியும் உத்தியும் அப்படியே விதிகளின் வரிசைக்குள் புதைந்து கிடந்தது. மருத்துவர் வரிசைப்படுத்தினார், ஏன் அப்படி வரிசைப்படுத்தினார் என்பது எங்கும் இல்லை.

கிளான்சி செய்த அடுத்த வேலை, விதிகளைக் கூட்டுவதல்ல. அனுபவமிக்க மருத்துவர் எப்படி யோசிக்கிறார், எப்படிக் கற்பிக்கிறார் என்று கவனித்து, நோய்களைப் பற்றிய அறிவை ஒருபுறமும் நோயறியும் உத்தியை மறுபுறமும் பிரித்து 'நியோமைசின்' என்ற புதிய அமைப்பை எழுதத் தொடங்கினார். கணினிக்குக் கற்பிக்கத் தெரியவில்லை என்று கண்டவர் திரும்பிச் சென்ற இடம், ஆசிரியரின் வகுப்பறை.

புதுச்சேரியில் பேராசிரியர்களை உட்காரவைத்து 'உங்கள் பாடத்தின் நோக்கத்தை எழுதுங்கள்' என்று சொன்ன ஆண்டுகளும், ஸ்டான்ஃபோர்டில் வல்லுநர்களை உட்காரவைத்து 'நீங்கள் அறிந்ததை விதியாகச் சொல்லுங்கள்' என்று கேட்ட ஆண்டுகளும் ஒன்றே. இரு குழுவினரும் ஒருவரையொருவர் அறிந்ததாகத் தெரியவில்லை. இருவரும் கண்டதும் ஒன்றே: நன்றாகச் செய்யத் தெரிந்தவர், தாம் ஏன் அப்படிச் செய்கிறோம் என்பதைத் தாமே அறியார். அறிவு பழகப் பழக இறுகிக் கட்டியாகிவிடுகிறது. கற்பிப்பது அந்தக் கட்டியை மீண்டும் உடைப்பது. அந்த உடைக்கும் வேலைக்குத்தான் ஆசிரியப் பயிற்சி என்று பெயர்.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது. அடுத்த பிப்ரவரியில், அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் வினாக்களில் அது தேர்ச்சி எல்லையைத் தொட்டது என்ற ஆய்வு வெளியானது. அதிலிருந்து மருத்துவக் கல்லூரிகளில் பயிற்சி அலை தொடங்கிவிட்டது. இப்போதைய இயந்திரம் மைசினுக்கு நேர் எதிரானது. மைசினிடம் காரணம் இல்லை. கேட்டால் விதியைக் காட்டி வாய்மூடும். இதனிடம் காரணத்திற்குக் குறைவே இல்லை. எதைக் கேட்டாலும் தடையின்றிக் காரணம் சொல்லும். ஆனால் அது சொல்லும் காரணம், அது அந்த விடையை அடைந்த வழியாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமில்லை என்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. விடை ஒரு வழியில் வரும். விளக்கம் இன்னொரு வழியில், கேட்பவருக்கு இணக்கமாகப் புனையப்படும். அவ்விளக்கம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும் என்பதுதான் இதை இன்னும் கடினமாக்குகிறது. மைசினின் மௌனத்தில் ஏதோ குறைகிறது என்று மாணவருக்கே தெரியும். இதன் சரளத்தில் எதுவும் குறைவதாகத் தோன்றாது.

ஆகவே, வினாத்தாள் தயாரிக்கவும் படவில்லை அமைக்கவும் இயந்திரத்தை ஏவக் கற்றுத்தரும் பயிற்சி வீண் என்று நான் சொல்லவில்லை. வேலைப்பளுவில் மூழ்கிய ஆசிரியருக்கு ஒரு மணி நேரம் மிச்சமாவது சிறிய செய்தியல்ல. ஆனால் அந்தப் பயிற்சி மூன்றே நாளில் பழசாகும் திறனைத் தருகிறது. கருவி மாறினால் கட்டளையும் மாறும். பழசாகாதது, ஏழாவது வினாவைக் காட்டச் சொன்ன அந்தப் பேராசிரியரிடம் இருந்தது. சைவ உணவுக்காரர் என்றாலே பி12 என்று மாணவர் தாவுவார், அணுவின் அளவைப் பார்க்க மறப்பார் என்பது அவருக்குத் தெரியும். முப்பது ஆண்டுகள் வாய்மொழித் தேர்வில் மாணவர்களின் தவறான விடைகளைக் கேட்டதால் வந்த அறிவு அது. எந்தப் பாடநூலிலும் அது முழுதாக எழுதப்படவில்லை. எழுதப்படாததை எழுத்திலிருந்து கற்ற இயந்திரம் எப்படி அறியும்? அவரை உட்காரவைத்து அவர் அறிந்ததைச் சொல்லவைக்கும் பயிற்சியைத்தான் நாம் நடத்தவில்லை.

இந்த இடத்தில் எனக்குச் சொந்த அக்கறை ஒன்று உண்டு. நான் பள்ளிவாசலில் வளர்ந்தவன். கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கிய ஊர் என்று பள்ளிப் பாடத்தில் வரும். எங்களுக்கு அது தேயிலைத் தோட்ட ஊர். தலைமுறைகளுக்கு முன் தமிழ்நாட்டிலிருந்து மலையேறி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். பெரிய நோயென்றால் மலையிறங்கிக் கோட்டயம் மருத்துவக் கல்லூரிக்குத்தான் போகவேண்டும். மாவட்டத்திற்கென்று இடுக்கியில் அரசு மருத்துவக் கல்லூரி 2014இல் தொடங்கி, அங்கீகாரச் சிக்கலால் இடையில் நின்று, 2022இல் மீண்டும் மாணவர்களைச் சேர்த்தது. எங்கும் நிலைமை ஒன்றே: நோயாளி தமிழில் சொல்கிறார், மாணவர் மலையாளத்தில் கேட்கிறார், இருவருக்கும் நடுவே பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது.

எங்கள் லயத்தில் ஒரு பெரியவர் இருந்தார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையில் 'வாய்வு' என்றார். அது எந்த மருத்துவமனை என்பது இங்கு முக்கியமல்ல. வாய்வு என்றால் வயிற்றுக் காற்று என்றே எழுதிக்கொண்டார்கள். வயிற்றுக்கான மாத்திரையோடு அனுப்பினார்கள். மறுநாள் விடியவில்லை அவருக்கு. எங்கள் ஊரில் நெஞ்சடைப்பையும், முதுகுப் பிடிப்பையும், செரியாமையையும் வாய்வு என்றே சொல்வார்கள். வாய்வு என்றதும் 'எந்த இடத்தில், நடந்தால் கூடுகிறதா, கைக்கு இறங்குகிறதா' என்று கேட்கவேண்டும் என்பது மலையில் ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்த மருத்துவர்களுக்குத் தெரியும். அதுவும் எழுதப்படாத விதி. இன்று நோயாளியாக நடித்து மாணவருக்கு வரலாறு கேட்கும் பயிற்சி தரும் உரையாடல் நிரல்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவை பேசும் தமிழைக் கேட்டுப் பார்த்தேன். நாளிதழ்த் தமிழில் 'எனக்கு மார்பு வலி உள்ளது' என்கின்றன. எங்கள் பெரியவர் உயிரோடிருந்த காலத்தில் ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை.

இதை எண்ணும்போதெல்லாம் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன் நினைவுக்கு வருகிறார். அமெரிக்க மிஷன் மருத்துவர். 1847இல் யாழ்ப்பாணம் வந்து, அடுத்த ஆண்டு முதல் மானிப்பாயில் இளைஞர்களுக்கு மேலை மருத்துவம் கற்பித்தார். முதலில் ஆங்கிலத்தில்தான். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசுப் பணி தேடிப் போனார்கள். கிராமம் வெறுமையாகவே இருந்தது. 1860களில் அவர் கற்பித்தலைத் தமிழுக்கு மாற்றினார். அங்காதிபாதம், இரணவைத்தியம், பிரசவ வைத்தியம், கெமிஸ்தம் என்று நூல்கள் வரிசையாக வந்தன. அவரிடம் படித்த 60க்கும் மேற்பட்டோரில் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே மருத்துவம் கற்றனர்.

கிறீனை நாம் கலைச்சொல் முன்னோடி என்று கொண்டாடுகிறோம். கொண்டாடத்தான் வேண்டும். ஆனால் நான் அவரை ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றிலும் வைக்க விரும்புகிறேன். அவர் தனியே உட்கார்ந்து மொழிபெயர்க்கவில்லை. அவரிடம் படித்த தமிழ் மாணவர்களே மொழிபெயர்ப்பில் பங்கெடுத்தனர். அடுத்த வகுப்புக்குப் பாடமும் நடத்தினர். ஒரு சொல்லைத் தமிழாக்க வேண்டுமானால் அதன் பொருளை உடைத்துப் பார்த்தே ஆகவேண்டும். ஜிப்மரில் நோக்கம் எழுதச் சொல்லி வியர்க்கவைத்ததும், நியோமைசினுக்காக மருத்துவரைக் கவனித்ததும், மானிப்பாயில் ஒரு சொல்லுக்காக ஆசிரியரும் மாணவரும் முட்டிமோதியதும் எனக்கு ஒரே தொழிலாகவே தோன்றுகின்றன. 1873இல் கிறீன் ஊர் திரும்பினார். அதன்பின் யாழ்ப்பாணத்தில் தமிழ்வழி மருத்துவக் கல்வி நெடுங்காலம் நீடிக்கவில்லை. அவர் நூல்கள் மட்டும் எஞ்சின.

எனக்கு வாய்ப்புக் கிடைத்தால் ஆசிரியர்களுக்கான செயற்கை நுண்ணறிவுப் பயிலரங்கை இப்படி நடத்துவேன். முதல் அமர்வில் கணினி இருக்காது. ஒவ்வொருவரும் தம் துறையில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் ஐந்து தவறுகளை எழுதவேண்டும். ஒவ்வொன்றின் பின்னுள்ள தவறான எண்ணத்தையும் எழுதவேண்டும். அடுத்து, நோயாளிகள் தம் வாயால் சொல்லும் பத்துச் சொற்கள், சொன்ன மொழியிலேயே. ஒவ்வொரு சொல்லுக்கும் தாம் அடுத்துக் கேட்கும் கேள்வி. பிறகே இயந்திரத்தைத் திறப்பது. அது தரும் வினாவையும் விளக்கத்தையும் நடிக்கும் நோயாளியையும் இந்தப் பட்டியலின்முன் நிறுத்திப் பார்ப்பது. கடைசியில் ஆலனின் ஆறு நிமிடங்கள்: இயந்திரம் எழுதிய விளக்கமொன்றைச் சக ஆசிரியர்கள்முன் கற்பிக்கவேண்டும், அவர்கள் ஏன், ஏன் என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். காரணம் எந்த இடத்தில் அற்றுப்போகிறது என்று பார்க்கலாம்.

இதற்கு ஒருநாள் போதாது. முப்பது பேருக்கு முப்பது முறை ஆறு நிமிடம் என்றாலே மூன்று மணி நேரம். நிர்வாகத்திற்கு இது விருப்பமான கணக்கல்ல என்று அறிவேன். வாய்வு என்ற சொல்லை நான் ஏற்கெனவே ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்திருக்கிறேன். மேல் காந்துது, கிறுகிறுப்பு, கைகால் ஓய்ச்சல், நெஞ்சு கரிப்பு ஆகியவையும் அதில் உண்டு. மலையோரங்களில் பணிபுரியும் மருத்துவ நண்பர்கள் தாம் கேட்ட சொற்களையும், கேட்டவுடன் தாம் கேட்கும் அடுத்த கேள்வியையும் கருத்துப் பகுதியில் எழுதினால் சேர்த்துக்கொள்வேன். சொன்னவரின் பெயரோ அடையாளமோ வேண்டாம். சொல்லும் கேள்வியும் போதும்.